கல்லூரி பஸ் ரூட் கணக்கில் மூன்று இலக்குகள்: சரியான வெயிட் எது?

நான் புரிந்துகொண்டது சரியா என்று முதலில் பார்த்துவிடுவோம். சேலம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரிக்கு பஸ் ரூட் போட்டுத் தரும் புரோகிராம் எழுதுகிறீர்கள். ஓடும் மொத்த கிலோமீட்டர் குறைய வேண்டும், பஸ் எண்ணிக்கை குறைய வேண்டும், எந்த மாணவரும் ரொம்ப நேரம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கக் கூடாது. மூன்றுக்கும் ஒவ்வொரு வெயிட் (எது எவ்வளவு முக்கியம் என்று காட்டும் எண்) கொடுத்துக் கூட்டி, வரும் ஒரே எண்ணைக் குறைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். பயண நேரத்தின் வெயிட்டைக் கொஞ்சம் ஏற்றினால் தீர்வு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தாவுகிறது, நடுவில் நிற்பதே இல்லை. “சரியான வெயிட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? இல்லை, ஜெனிடிக் அல்காரிதத்துக்கு மாறிவிடட்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். (பல தீர்வுகளைக் கலந்து கலந்து புதியவற்றை உண்டாக்கித் தேடும் முறைதான் ஜெனிடிக் அல்காரிதம்.)

கேள்வி வெயிட்டைப் பற்றியதாக இருந்தாலும், உங்களைக் குடைவது வேறு என்று நினைக்கிறேன். நடுவில் நியாயமான ஒரு ஏற்பாடு இருக்கிறது என்று போக்குவரத்துப் பிரிவில் இருப்பவர்களுக்குத் தெரிகிறது, புரோகிராம் மட்டும் அதைக் காட்ட மாட்டேன் என்கிறது. லாரிக்கும் ஊழியர் பஸ்ஸுக்கும் ரூட் போடும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். இந்தச் சிக்கலில் மாட்டாதவர்களை அநேகமாகப் பார்த்ததில்லை. இதில் சில விஷயங்கள் கணித நிரூபணம் உள்ளவை, சில என் அனுபவ அபிப்பிராயம். எது எது என்று அங்கங்கே சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலில் நிரூபணம் உள்ளது. பஸ் எண்ணிக்கையை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். காலை ஓட்டத்துக்கு மட்டும் மூன்று ரூட் திட்டங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் திட்டத்தில் மொத்தம் 1000 கி.மீ., மிக நீண்ட பயணம் 90 நிமிடம். மூன்றாவதில் 1400 கி.மீ., 50 நிமிடம். நடுவில் இருப்பது 1230 கி.மீ., 70 நிமிடம். மூன்றில் எதுவும் இன்னொன்றை இரண்டு வகையிலும் தோற்கடிக்கவில்லை. இத்தாலியப் பொருளாதார அறிஞர் வில்ஃப்ரெடோ பரேட்டோவின் பெயரால், இப்படி ஒன்றை விட்டுக்கொடுக்காமல் மற்றொன்றைப் பெற முடியாத தீர்வுகளை பரேட்டோ தீர்வுகள் என்கிறோம். இப்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வெயிட் போடுங்கள். 9 போட்டால் முதல் திட்டத்தின் கூட்டுத்தொகை 1810, நடுத் திட்டத்துக்கு 1860, மூன்றாவதுக்கு 1850. முதலாவது ஜெயிக்கிறது. 11 போட்டால் 1990, 2000, 1950. மூன்றாவது ஜெயிக்கிறது. சரியாக 10 போட்டால் இரண்டு கோடியிலும் 1900, நடுவில் 1930. எந்த எண்ணைப் போட்டுப் பார்த்தாலும் நடுத் திட்டம் ஒரு தடவைகூட முதலிடத்துக்கு வராது. 10-ஐத் தாண்டும் இடத்தில் தீர்வு ஒரேயடியாகத் தாவும். நீங்கள் பார்த்தது இதேதான்.

வரைபடத்தாளில் கிலோமீட்டரைக் கிடையாகவும் நிமிடத்தைச் செங்குத்தாகவும் வைத்து மூன்று புள்ளிகளையும் குறித்தால் காரணம் கண்ணுக்கே தெரியும். இரண்டு கோடிகளையும் இணைக்கும் கோட்டுக்குச் சற்று மேலே நடுப்புள்ளி இருக்கும். வெயிட் போட்டுக் கூட்டுவது என்றால் ஒரு நேர்கோட்டைக் கீழேயிருந்து நகர்த்திக்கொண்டே வந்து, முதலில் எந்தப் புள்ளி தொடுகிறது என்று பார்ப்பதுதான். அந்தக் கோட்டை எந்தச் சாய்வில் வைத்தாலும் ஒரு கோடிப் புள்ளியில் முட்டிவிடும். சாதாரண நேரியல் நிரலாக்கத்தில் (லீனியர் புரோகிராமிங்) இந்தத் தொல்லை கிடையாது. அங்கே இரண்டு தீர்வுகளின் சராசரியும் ஒரு தீர்வுதான். உங்கள் கணக்கில் வாழப்பாடி ஸ்டாப்பை ஆத்தூரிலிருந்து வரும் பஸ் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் வேறு பஸ் எடுத்துக்கொள்ளும். பாதி ஸ்டாப்பை இதற்கும் பாதியை அதற்கும் கொடுத்து நடுவில் நிற்க வழியில்லை. முழுமையாக ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று முடிவெடுக்கும் எல்லாக் கணக்குகளிலும் இப்படி மறைந்து நிற்கும் புள்ளிகள் வரலாம். ஆளுக்கொரு வேலை ஒதுக்கும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே இலக்கு என்றால் ஹரால்டு கூன் 1955-இல் தந்த ஹங்கேரியன் முறையில் அது சட்டென்று முடிந்துவிடும். இரண்டாவது இலக்கு சேர்ந்தவுடன் அதிலும் மறைந்த புள்ளிகள் வரும், கணக்கும் கடினமான வகைக்குப் போய்விடும். மிகக் குறுகிய பாதை காணும் கணக்குக்கும் இதே கதிதான்.

இன்னொரு கோணத்திலும் அந்த எண்களைப் பாருங்கள். முதல் திட்டத்திலிருந்து நடுவுக்கு வர நிமிடத்துக்கு 11.5 கி.மீ. கொடுக்கிறீர்கள். நடுவிலிருந்து மூன்றாவதுக்குப் போக 8.5 கி.மீ. கொடுத்தால் போதும். பாதி வழி வர அதிக விலை கொடுத்த ஒருவர், மீதி வழி மலிவாகக் கிடைக்கும்போது ஏன் நடுவில் நிற்க வேண்டும்? நிமிடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற மாறாத விலை ஒருவர் மனதில் இருந்தால் அவர் நடுத் திட்டத்தை எடுக்கவே மாட்டார். அந்த அளவில் உங்கள் புரோகிராம் நியாயமாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் கல்லூரி நிர்வாகம் அப்படி யோசிப்பதில்லை. டீசலுக்கு இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு இருக்கும். காலை ஓட்டத்துக்கு 1250 கி.மீ.க்கு மேல் கிடையாது என்று தாளாளர் சொல்லிவிட்டால் மூன்றாவது திட்டம் கைக்கு எட்டாது. 90 நிமிடம் என்றால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள் என்பதால் முதலாவதும் எடுபடாது. மிஞ்சுவது நடுத் திட்டம். ஆக, வெயிட் என்பது விலை சொல்பவருக்கானது. வரம்பு சொல்பவர்களுக்கு வேலை செய்யும்போது வரம்பையே கணக்கில் வையுங்கள்.

அதைச் செய்யும் வழி பழையது, எளியது. ஒரு இலக்கை மட்டும் குறைக்கச் சொல்லி, மற்றதைக் கட்டுப்பாடாக மாற்றுவது. ஹைம்ஸ், லாஸ்டன், விஸ்மர் மூவரும் 1971-இல் எழுதியது. எப்சிலான் கட்டுப்பாட்டு முறை என்பார்கள். உங்கள் கணக்கில் மிக நீண்ட பயணம் 75 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும் என்று வைத்து கிலோமீட்டரைக் குறைக்கச் சொன்னால் நடுத் திட்டம் உடனே வெளியே வரும். வரம்பை 50, 55, 60 என்று ஏற்றிக்கொண்டே 90 வரை போனால் புரோகிராமுக்கு ஒன்பது ஓட்டம், அவ்வளவுதான். பரேட்டோ தீர்வுகள் எண்ணிலடங்காமல் பெருகும் என்று பாடப்புத்தகம் பயமுறுத்தும். பொதுவாக அது உண்மை. உங்கள் விஷயத்தில் ஓர் அச்சு முழு நிமிடங்களில் இருக்கிறது, 50-க்கும் 90-க்கும் இடையே 41 மதிப்புகள்தான் உண்டு. ஒரே புள்ளியைத் தரும் ரூட் திட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கலாம், ஆனால் புள்ளிகள் 41-ஐத் தாண்டாது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று பார்த்தால் நிர்வாகத்துக்கு அதுவே அதிகம்.

கூகுளின் இலவச நூலகமான ஓஆர்-டூல்ஸில் செய்வதாக இருந்தால் ஒரு வசதி இருக்கிறது. காலையில் முதல் ஸ்டாப்பில் ஏறுபவர்தான் அந்த பஸ்ஸிலேயே அதிக நேரம் இருப்பவர். எனவே ‘மிக நீண்ட பயணம்’ என்பது முதல் ஸ்டாப்பிலிருந்து கல்லூரி கேட் வரை அந்த பஸ் எடுக்கும் நேரம்தான். நேரத்துக்கான டைமென்ஷனில் (வழி நெடுகக் கூடிக்கொண்டே வரும் அளவை அதில் இப்படிச் சொல்வார்கள்) ஒவ்வொரு வண்டிக்கும் உச்ச வரம்பு வைத்தால் எப்சிலான் கட்டுப்பாடு முடிந்தது. பஸ் எங்கே நைட் ஹால்ட் போடுகிறது என்பதை மட்டும் கவனியுங்கள். டிரைவர் ஊரிலேயே நிற்கிறது என்றால் தொடக்கத்தில் காலி ஓட்டம் கிடையாது. தொடக்கப்புள்ளி ஒன்றைப் பொய்யாக வைத்து, அங்கிருந்து எந்த ஸ்டாப்புக்கும் தூரமும் நேரமும் பூஜ்ஜியம் என்று கொடுங்கள். கல்லூரியிலேயே நிற்கிறது என்றால் காலியாகப் போகும் தூரம் கிலோமீட்டரில் சேரும், மாணவரின் நேரத்தில் சேராது. தூரம், நேரம் இரண்டையும் ஒரே அணியிலிருந்து (மேட்ரிக்ஸ்) எடுத்தால் கணக்கு சத்தமில்லாமல் கெட்டுப்போகும்.

இந்த முறையில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது: வரம்பு 75 என்றால் 75-க்குள் எதுவாக இருந்தாலும் சொல்வருக்கு (கணக்கைத் தீர்க்கும் மென்பொருளுக்கு) ஒன்றுதான். அதே 1230 கி.மீ.யில் 70 நிமிடத் திட்டம் இருக்கும்போது 74 நிமிடத் திட்டத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பின்னால் கிலோமீட்டரை அந்த மதிப்பில் பூட்டிவிட்டு நேரத்தைக் குறைக்கும் இரண்டாவது ஓட்டம் ஒன்று வையுங்கள். இரண்டு ஓட்டத்துக்குப் பொறுமை இல்லை என்றால் குறைக்கும் சூத்திரத்தில் நேரத்தையும் மிகச் சிறிய கெழுவோடு சேர்த்துவிடலாம். ஆனால் ‘மிகச் சிறிய’ என்பது எவ்வளவு என்று யோசித்துத்தான் வைக்க வேண்டும். கிலோமீட்டரை முழு எண்ணாக வைத்திருந்தால், அந்தச் சிறு தொகை எந்த நிலையிலும் 1-ஐ எட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ஓட்டை நடைமுறையில் பெரியது. நூற்றுச் சொச்சம் ஸ்டாப், இருபது பஸ் என்று போனால் பொதுவான சொல்வர் எதுவும் இதுதான் மிகச் சிறந்தது என்ற நிரூபணத்தோடு முடிப்பது அரிது. ஓஆர்-டூல்ஸின் ரூட்டிங் பகுதி பொதுவாக நிரூபணம் தருவதில்லை, நல்ல தீர்வைத் தேடித் தருகிறது. அப்படியானால் நீங்கள் வரையும் வளைவு உண்மையான பரேட்டோ வளைவு கிடையாது, உங்கள் தேடல் எட்டிய தூரம் மட்டுமே. இதை அறிக்கையில் சொல்லிவிடுவது நல்லது. தேடல் எங்கே சொதப்பியது என்று பிடிக்க ஒரு சுலபச் சோதனை உண்டு: வரம்பைத் தளர்த்தினால் கிலோமீட்டர் குறையலாம் அல்லது அப்படியே இருக்கலாம், ஏறவே கூடாது. 70-க்கு 1230 வந்து 75-க்கு 1260 வந்தால் 75-இன் ஓட்டம் தோற்றுவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் வரம்பை இறுக்கமான பக்கத்திலிருந்து ஏற்றிக்கொண்டே வரச் சொன்னேன். 70-க்குக் கிடைத்த தீர்வு 75-க்கும் செல்லும், அதையே அடுத்த ஓட்டத்தின் தொடக்கத் தீர்வாகக் கொடுங்கள். நேரம் மிச்சமாகும், இந்த அபத்தமும் வராது.

வரம்பு வைக்க மனமில்லை, ஒரே சூத்திரம்தான் வேண்டும் என்றால் கூட்டுவதை விட்டுவிட்டு, ரஷ்யக் கணித அறிஞர் செபிஷெவ் பெயரில் வழங்கும் அளவைப் பயன்படுத்தலாம். இரண்டு இலக்குகளிலும் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த மதிப்பு எது என்று தனித்தனியே பார்த்துக்கொள்ளுங்கள், நம் உதாரணத்தில் 1000 கி.மீ., 50 நிமிடம். ஒவ்வொரு திட்டமும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அதை அந்த இலக்கின் வீச்சால் (சிறந்ததற்கும் மோசமானதற்கும் உள்ள இடைவெளி) வகுத்து, அந்த விலகல்களில் பெரியதைக் குறையுங்கள். முதல் திட்டத்துக்கும் மூன்றாவதுக்கும் பெரிய விலகல் 1. நடுத் திட்டத்துக்கு 0.575. நடுத் திட்டமே ஜெயிக்கிறது. இந்த அளவில் ஒவ்வொரு விலகலையும் ஒரு வெயிட்டால் பெருக்கி, அந்த வெயிட்டை மாற்றி மாற்றி எந்த பரேட்டோ புள்ளியையும் பிடிக்க முடியும் என்பது 1970-களிலேயே நிரூபிக்கப்பட்டது. அப்புறம் ஏன் நான் எப்சிலானை முதலில் சொன்னேன் என்றால், ‘75 நிமிடம்’ என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் புரியும். ‘செபிஷெவ் வெயிட் 0.6’ என்பதைப் புரிய வைப்பதற்குள் டீ ஆறிவிடும்.

ஒதுக்கி வைத்த பஸ் எண்ணிக்கைக்கு வருவோம். இது உண்மையிலேயே தனி இலக்கா? ஒரு பஸ் கூடினால் ஆகும் செலவு டிரைவர் சம்பளம், இன்ஷூரன்ஸ், வரி, எஃப்.சி. (தகுதிச் சான்று), டயர் எல்லாம் சேர்ந்து ஒரு தொகை. கிலோமீட்டர் கூடினால் ஆவது டீசலும் தேய்மானமும். இரண்டும் ஒரே கல்லாவிலிருந்து போகும் ரூபாய். ரூபாயாக மாற்ற முடிவதை மாற்றிவிடுங்கள், அங்கே விலை நிலையானது, கூட்டுவதில் தவறில்லை. மூன்று இலக்குகள் இரண்டாகிவிடும்: ஒரு பக்கம் செலவு, மறுபக்கம் மாணவரின் நேரம். இந்தத் துறையில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய லாபம் நல்ல அல்காரிதத்தில் கிடைப்பதைவிட இப்படி இலக்குகளைக் குறைப்பதில்தான் கிடைக்கிறது. இரண்டு இலக்கு என்றால் வளைவை ஒரு தாளில் வரைந்து காட்டலாம். மூன்றானால் படம் பார்ப்பவர் திணறுவார். அதோடு, ஒவ்வொரு இலக்கின் வீச்சையும் கணிப்பதே அங்கே சிக்கல். ஒவ்வொன்றையும் தனியாகக் குறைத்துப் பார்த்து மோசமான மதிப்பை எடுத்துக்கொள்ளும் வழக்கமான வழி இரண்டு இலக்குக்குச் சரியாக வரும் (சமநிலை வந்தால் இரண்டாவது இலக்கை வைத்து முறிக்க வேண்டும்). மூன்று இலக்கோ அதற்கு மேலோ ஆனால் அது ஏமாற்றிவிடலாம். புதிதாக பஸ் வாங்கவே முடியாது என்ற நிலை இருந்தால் ரூபாயாக மாற்றுவதும் வேண்டாம். 20 பஸ்ஸுக்கு ஒரு வளைவு, 21-க்கு ஒரு வளைவு என்று தனித்தனியாகப் போட்டு ஒன்றின் மேல் ஒன்று வரைந்துவிடுங்கள்.

அடுத்தது, நீங்கள் கேட்காதது, ஆனால் சொல்லியே ஆக வேண்டும். ‘மிக நீண்ட பயணம்’ என்ற அளவு நியாயமானதா? அது ஒரே ஒரு பஸ்ஸைத்தான் பார்க்கிறது. மேட்டூர் பக்கத்து பஸ் 70 நிமிடத்தில் நின்றுவிட்டால், பத்து நிமிடத் தூரத்தில் இருக்கும் மாணவரை ஊரெல்லாம் சுற்றி 69 நிமிடத்தில் கொண்டுவந்தாலும் இந்த அளவுக்கு உறைக்காது. அதற்குப் பயந்து ‘60 நிமிடத்துக்கு மேல் பயணிப்பவர் எண்ணிக்கை’ என்று மாற்றிவிடுவார்கள். அது இன்னும் மோசம். 61 நிமிடத்தைத் தொட்டவரைக் கணக்கு கைகழுவிவிடும், அவர் 100 நிமிடம் போனாலும் அபராதம் ஏறாது. எல்லா மாணவர்களின் நிமிடங்களையும் கூட்டுவது பரவாயில்லை, ஆனால் அதில் கடைசி ஸ்டாப்பில் இருக்கும் மூன்று பேரின் குரல் கரைந்துபோகும். என் பழக்கம், மிக நீண்ட பயணத்துக்கு வரம்பு வைத்துவிட்டு, ஒவ்வொருவரும் நேராக வந்தால் ஆகும் நேரத்தைப்போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது என்று இன்னொரு கட்டுப்பாடும் போடுவது. பக்கத்து ஸ்டாப்புகளுக்கு இரண்டு மடங்கு என்பது நடக்காத காரியம், அவற்றுக்குக் கால் மணி நேரம் கூடுதல் என்று வைக்கலாம். இது அபிப்பிராயம்தான், தேற்றம் இல்லை. உங்கள் ஊர் நிலவரத்துக்கு வேறு எண் பொருந்தலாம்.

நேரத் தரவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேப்பிலிருந்து எடுக்கும் நேரம் காருக்கானது. பஸ் மெதுவாகப் போகும், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று ஆள் ஏற்றும், ரயில்வே கேட் மூடியிருந்தால் அன்றைய கதையே வேறு. எனவே 70 நிமிடத் திட்டத்துக்கும் 72 நிமிடத் திட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் தாளில் மட்டும்தான் இருக்கிறது. புள்ளிகளை இரண்டு நிமிட இடைவெளியில் துருவுவதைவிட, டிரைவர்களிடம் கேட்டு நேரங்களைத் திருத்துவது அதிகப் பயன் தரும்.

ஜெனிடிக் அல்காரிதத்துக்கு மாறலாமா என்ற கேள்விக்கு என் பதில்: இப்போதைக்கு வேண்டாம். கல்யாண்மய் தேப்பும் ஐஐடி கான்பூரில் அவரோடு பணியாற்றியவர்களும் 2002-இல் வெளியிட்ட என்எஸ்ஜிஏ-2 என்ற ஜெனிடிக் அல்காரிதம் இந்தத் துறையில் மிக அதிகமாகப் பயன்படும் முறைகளில் ஒன்று. பைமூ என்ற பைத்தான் நூலகத்தில் தயாராகவே கிடைக்கிறது. வெயிட்டே இல்லாமல் ஒரே ஓட்டத்தில் தீர்வுகளின் கூட்டத்தையே தரும், மறைந்து நிற்கும் புள்ளிகளும் அதற்குத் தடையில்லை. இலக்கைக் கணக்கிட ஒரு சிமுலேஷனே ஓட வேண்டியிருக்கும் இடங்களில் நானும் அதைத்தான் எடுப்பேன். ஆனால் பஸ் ரூட்டில் இரண்டு தீர்வுகளைக் கலந்து மூன்றாவது உண்டாக்கும்போது ஸ்டாப் விட்டுப்போகும், சீட் நிரம்பி வழியும். அதைச் சரிசெய்யும் பகுதியை எழுதுவதுதான் முழு வேலையாகிவிடும். ரூட்டுகளுக்கிடையே ஸ்டாப்பை மாற்றியும் பரிமாறியும் பார்க்கும் உள்ளூர்த் தேடல் இல்லாமல் தீர்வுகளைக் கலப்பதை மட்டும் நம்பினால் கிடைக்கும் வளைவு சுமாராகத்தான் இருக்கும். எந்தத் தேடல் முறை மற்றதைவிட மேல் என்பதில் ஆராய்ச்சியாளர்களிடமே ஒருமித்த முடிவு கிடையாது, தரவைப் பொறுத்து மாறும். சோதித்துப் பார்க்க ஆசை என்றால், எப்சிலான் முறையில் கிடைத்த ஒன்பது தீர்வுகளையும் அதன் முதல் தலைமுறையில் போட்டு ஓட்டுங்கள். அவற்றை மிஞ்சி ஏதாவது தந்தால் மாறலாம்.

கடைசியாக, கணக்கில் இல்லாத இலக்கு. 2017-இல் பாஸ்டன் நகரப் பள்ளிகளுக்கு எம்ஐடி-யைச் சேர்ந்த டிமிட்ரிஸ் பெர்ட்சிமாஸும் அவருடைய மாணவர்களும் பஸ் ரூட் போட்டுக் கொடுத்தார்கள். சுமார் 50 பஸ் குறைந்தது, வருடத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் டாலர் மிச்சம் என்றார்கள். அடுத்து பள்ளி தொடங்கும் நேரங்களையும் சேர்த்து மாற்றியமைத்தார்கள். பதின்ம வயதினருக்குத் தாமதமான தொடக்கம், சமூகப் பிரிவுகளுக்கிடையே சமமான பங்கீடு என்று பல இலக்குகளைக் கவனமாக எடைபோட்டுச் செய்த வேலை. அறிவித்தவுடன் பெற்றோர்கள் கொதித்தெழுந்தார்கள். சின்னக் குழந்தைகளின் பள்ளி ரொம்ப சீக்கிரம் தொடங்கி, மதியமே விட்டுவிடும் என்றானது பல குடும்பங்களால் முடியாத காரியம். அந்த டிசம்பரிலேயே திட்டம் கைவிடப்பட்டது. ஒரே சமயத்தில் எத்தனை குடும்பங்களின் அன்றாடம் புரளும் என்பதும் ஓர் இலக்கு. உங்கள் கல்லூரியிலும் போன வருடம் ஏறிய ஸ்டாப்பும் பஸ்ஸும் இந்த வருடம் எத்தனை பேருக்கு மாறுகிறது என்பதை எண்ணி, ஒன்பது தீர்வுகளுக்கும் எதிரே ஒரு நெடுவரிசையாகப் போட்டுவிடுங்கள். கல்வியாண்டுத் தொடக்கம் என்றால் அதைத் தகவலாக மட்டும் காட்டினால் போதும். நடு வருடத்தில் ரூட்டை மாற்றுவதாக இருந்தால் அதற்கும் ஒரு வரம்பு வைத்து மறுபடி ஓட்டுங்கள். நிர்வாகத்திடம் கொண்டுபோகும்போது ஒன்பதையும் நீட்டாமல் மூன்று நான்கை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தால் நிமிடத்துக்கு எத்தனை ரூபாய் ஆகிறது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.